பெரியவனுக்கு, சிவகாசியிலிருந்து

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மாத்திரையை மட்டும் நான் எடுத்துக் கொடுத்தால்தான் போடுகிறார். நீ நேரத்துக்குச் சாப்பிடு. போனில் பேசலாம் என்றால் “மீட்டிங்கில் இருக்கிறேன்மா” என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். அத்தை மகள் கல்யாணத்துக்கு நீ வரவில்லை என்று எல்லாரும் கேட்டார்கள். பணம் அனுப்பினால் வந்த மாதிரி ஆகிவிடுமா? சரி, விடு.

உன் அலமாரியைத் துடைக்கும்போது இன்வின்சிபிள் என்கிற அந்த அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸ் புத்தகம் இரண்டு கிடைத்தது, தலையணை சைஸில். தூசி தட்டத்தான் எடுத்தேன், அப்படியே வாசிக்க உட்கார்ந்துவிட்டேன். என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும், ஆனால் பாதிக் கதையைப் படமே சொல்லிவிடுகிறது. படம் வரைந்தது முதல் ஏழு இதழுக்கு கோரி வாக்கர், எட்டாவதிலிருந்து ரயன் ஓட்லி என்று சின்னவன் சொன்னான். எழுதுகிறவர் ராபர்ட் கிர்க்மன், 2003-இல் தொடங்கியதாம். உனக்குத் தெரியாததா, ஆனாலும் சொல்கிறேன்.

முதலில் பார்க்கச் சின்னப் பிள்ளைகள் புத்தகம் மாதிரிதான் இருக்கிறது. நீல வானம், மஞ்சளும் நீலமுமாகக் கதாநாயகப் பையன் மார்க்கின் உடுப்பு, முகத்தில் நாலைந்து கோடு. பையனுக்குப் பறக்க வந்துவிட்டது என்றதும் அவன் அப்பா தன் டெய்லரிடமே கூட்டிக்கொண்டு போகிறார். அந்தப் பக்கத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது, உனக்குக் காலேஜ் பேன்ட் தைத்த நாள் ஞாபகம் வந்து. அப்புறம் ஏழாவது இதழில் அதே அப்பா தன் கூட்டாளிகளையே கொன்றுபோடுகிறார். அத்தனை தெளிவான கோட்டில், அத்தனை பளிச்சென்ற வண்ணத்தில் ரத்தம் வந்தால் கண்ணை எங்கே வைப்பது? மங்கலாக வரைந்திருந்தால் கடந்துபோயிருப்பேன். பின்னால் வந்த அந்த ஓட்லியும் ஒவ்வொரு சொட்டுக்கும் கறுப்பில் கோடு போடுகிறான், உடைந்த பல்லைக்கூட விடுவதில்லை. கான்குவெஸ்ட் என்று ஒரு கிழவனோடு மார்க் மோதுகிற 64-ஆம் இதழைப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. உன் அப்பா சின்ன வயதில் வாசித்த இரும்புக்கை மாயாவியில் இதெல்லாம் கிடையாது. நம் ஊரில் 1972-இல் வந்த முத்து காமிக்ஸ்தான், அதில் ஆள் அடி வாங்கினால் விழுவான், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை நீ போட்டிருந்த படத்தை அவள் போனில் காட்டினாள். விரல்கள் நன்றாக வந்திருக்கின்றன. கை வரைவதுதான் கஷ்டம் என்று நீயே சொல்வாய், இவ்வளவு பேர் லைக் போட்டிருக்கிறார்கள் என்று அவள் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அடி வாங்குகிற பையன் யாராகவும் இருக்கலாம். ஆனால் அடிக்கிற ஆளுக்கு அரைக்கைக் கட்டம்போட்ட சட்டை, பையில் லென்ஸ். சட்டைப்பையில் லென்ஸ் வைத்துக்கொண்டு எந்த ஊர்க்காரன் திரிவான்? நான் ஒன்றும் கேட்கவில்லை. சின்னவனிடமும் சொல்லவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

புத்தகத்துக்கே வருகிறேன். 12-ஆம் இதழில் அந்த அப்பா மகனை அடித்து நொறுக்குகிறார். அவர் வில்ட்ரம் என்கிற வேறு கிரகத்து ஆள், அந்த இனம் ஆயிரக்கணக்கான வருஷம் வாழுமாம். ஐந்நூறு வருஷம் கழித்து உனக்கு என்ன மிஞ்சும் என்று கத்துகிறார். நீங்கள் இருப்பீர்களே அப்பா என்கிறான் அவன், வாயெல்லாம் ரத்தத்தோடு. ஓங்கின கை நிற்கிறது, அழுதுகொண்டே பூமியை விட்டே பறந்து போகிறார். மீசை வைத்த அந்தப் பெரிய ஆள் அழுகிற முகத்தையும் ஓட்லி வரைந்திருக்கிறான். ஓங்கின கையோடு முடித்திருந்தால் அவனுக்கு வேலை சுலபம்.

கதையும் 12-இல் நிற்கவில்லை. 2018-இல், 144-இல்தான் முடிகிறது. அதற்காக அந்த ஆளை ஒரேயடியாக நல்லவனாக்கிவிடவும் இல்லை, அது எனக்குப் பிடித்தது. செத்தவர்கள் செத்தவர்கள்தான், மார்க் எதையும் மறப்பதில்லை. மறக்காமலேதான் பின்னால் வில்ட்ரம் போரில் அப்பனும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். அன்றைக்கு நம் மாடியில் நடந்தது சரி என்று நானும் எந்தக் கோயிலிலும் சொல்ல மாட்டேன். படம் வரைந்தால் சோறு கிடைக்குமா என்று கேட்ட வாய்க்கு நீ பதில் சம்பாதித்துக் காட்டிவிட்டாய். அதையும் இங்கே தினம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மார்க்கின் அம்மா டெபியைப் பற்றி உங்கள் ஆட்கள் யாராவது பேசுகிறீர்களா? சண்டைக்கு நடுவில் அந்த ஆள் அவளை வளர்ப்புப் பிராணி மாதிரி என்கிறான். அவன் போனபின் அவள் குடிக்கிறாள், வேறொருத்திக்குப் பிறந்த ஆலிவரையும் தூக்கி வளர்க்கிறாள், கடைசியில் அவனையே சேர்த்துக்கொள்கிறாள். அவ்வளவு சீக்கிரம் சேர்த்திருக்கக் கூடாது. நானாக இருந்தால் ஒரு வருஷமாவது வாசலில் நிறுத்தியிருப்பேன்.

இன்னொன்று. மார்க்கின் அப்பா நோலனைத் தன் இனத்தாரே பிடித்து இழுத்துப்போகும்போது மகனிடம் மன்னிப்பெல்லாம் கேட்பதில்லை, என் புத்தகங்களைப் படி என்கிறான். விற்காத கதைப் புத்தகங்கள். தன் இனத்தை எதனால் வீழ்த்தலாம் என்று அதில்தான் எழுதிவைத்திருக்கிறான், பையன் அதை எடுத்துப் பார்க்கவே ரொம்ப நாளாகிறது. நம் வீட்டில் புத்தகம் எழுதுகிற ஆள் இல்லை, காலண்டர் அடிக்கிற ஆள்தான். நீ முதன்முதலில் யானை வரைந்தது காலண்டர் வேஸ்ட் ஷீட்டின் பின்பக்கத்தில். பிறகும் எத்தனை கட்டு வந்தது, ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கிற ஷீட்டாகப் பார்த்துப் பொறுக்கி. பிரஸ்ஸில் எவனும் அதை வீடு தேடிக் கொண்டுவந்து போட மாட்டான்.

அப்பாவும் உன் புத்தகத்தைப் பார்க்கிறார். கதை வாசிக்கவில்லை, பிரிண்டிங் பார்க்கிறேன் என்கிறார். லென்ஸை வைத்து, “நாலு கலரும் ரெஜிஸ்டர் சுத்தமாக உட்கார்ந்திருக்கிறது” என்றார். ஒரே பக்கத்தை அவ்வளவு நேரம் எதற்குப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நேற்று இட்லி சாப்பிடும்போது, “அந்த மீசைக்காரன் கடைசியில் என்ன ஆகிறான்?” என்றார். வில்ட்ரம்காரர்களின் தலைவனாக இருந்த த்ராக் கையால் செத்துப்போகிறான் என்று சின்னவன் போட்டு உடைத்துவிட்டான். அப்பா இன்னொரு இட்லி கேட்டார், சர்க்கரைக்கு ஆகாது என்று நான் வைக்கவில்லை.

மூன்றாவது புத்தகம் இங்கே இல்லை, நீ எடுத்துப் போயிருக்கிறாய். எங்களுக்கு அது வேண்டும். கூரியரில் போடாதே, கூரியர்காரன் இப்போதெல்லாம் நம் தெருவுக்குச் சரியாக வருவதில்லை. வருகிறான்தான், இருந்தாலும் கூரியரில் போடாதே. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் சனிக்கிழமை காலையில் வந்துவிடலாம்.

அம்மா