செட்டிநாட்டுப் பழைய வீதிகளில் சாலை மட்டத்தைக் குறைத்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊர்நலக் குழுவினர்,
காரைக்குடி வட்டாரம்,
சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சிவகங்கை.

பொருள்: பழைய வீதிகளில் பழைய சாலை அடுக்கைச் சுரண்டி எடுத்து, மட்டம் சரிபார்த்த பிறகே புதுச் சாலையும் வடிகாலும் அமைக்க ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் உள்ளன. பாரம்பரியம் என்று பேச்செடுத்தாலே ஆத்தங்குடிக் கல்லும் பர்மாத் தேக்குத் தூணும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. வீடுகளை அடியிலிருந்து அரிப்பதோ வாசலுக்கு வெளியே இருக்கிறது. வீதியின் மட்டம் வருடத்துக்கு வருடம் ஏறுகிறது. இந்த மனு அது ஒன்றைப் பற்றியதுதான்.

வற்றாத ஆறில்லாத இந்தச் செம்மண் பூமியில் மழைநீரைக் கணக்கில் வைத்தே ஊர்களை அமைத்திருக்கிறார்கள். ஓட்டுக்கூரையில் விழும் நீர் வளவு முற்றத்தில் இறங்கும். அங்கிருந்து சுவருக்கடியில் செல்லும் தூம்பு என்ற நீர்க்குழாய் வழியாகத் தெருக்கானுக்கு, அதாவது தெருவோர வடிகாலுக்கு வந்து, ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலில் சேர்ந்து ஊருணிக்குப் போகும். ஊருணி நிறைந்தால் மிகைநீர் வழியும் கலுங்கு வழியே அடுத்த நீர்நிலைக்கு வழியும். முற்றத்துக்கும் ஊருணி வாய்க்கும் இடையிலுள்ள சொற்பச் சரிவை நம்பித்தான் இந்த ஏற்பாடு நிற்கிறது.

தார்ச்சாலையின் ஒரு மேலடுக்கு 3 முதல் 4 செ.மீ. கனம். வாசற்படி ஒன்றின் உயரம் சுமார் 15 செ.மீ. சுரண்டாமல் நான்கைந்து முறை போட்டால் ஒரு படி மண்ணுக்குள் போய்விடும். பேவர் பிளாக் இன்னும் வேகம்: 8 செ.மீ. கல், அதன் கீழே 3 செ.மீ. மணல் என்று பழைய சாலையின் மேலேயே பரப்பினால் ஒரே தடவையில் 11 செ.மீ. ஏறிவிடும். போதாக்குறைக்கு, 6 மீட்டர் அகல வீதியில் நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் 2.5 சதவீதச் சரிவு கொடுத்தால் நடுப்பகுதி ஓரத்தைவிட 7.5 செ.மீ. உயர்ந்து நிற்கும். வீதியில் விழும் மழைநீரெல்லாம் திண்ணையின் அடியைத்தான் தேடி வரும். படியை இழந்த வீட்டுக்காரர் வாசலில் சிமெண்டால் ஒரு தடுப்பு கட்டிக்கொள்ளலாம். முற்றத்தை உயர்த்த அவரால் முடியாது. தெருக்கான் தூம்பைவிட மேலேறிவிட்டால் மழைநீர் வந்த வழியே முற்றத்துக்குத் திரும்பும்.

செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்ட சுவர் ஈரத்தை உறிஞ்சும், காற்றுப்பட்டால் வெளியே விட்டும் விடும். அடியில் நீர் தேங்கி, ஓரத்தில் கான்கிரீட்டும் ஒட்டிவிட்டால் ஈரத்துக்குப் போக்கிடம் சுவர் ஒன்றுதான். முழங்கால் உயரத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும். விரலால் தட்டினால் பூச்சு பொள்ளென்று ஒலிக்கும். அதை உதிர்த்துவிட்டுச் சிமெண்ட் பூசுவதுதான் வழக்கமாக நடக்கும் வைத்தியம். சிமெண்ட் ஈரத்தை அடைத்துவிடுவதால், உப்பு அந்தப் பூச்சுக்கு மேலே, இடுப்பளவில் கிளம்பும். திண்ணைத் தூணுக்கும் இதே கதி. மரம் நனையக் கூடாதென்றுதான் அடியில் கல் பாதம் வைத்தார்கள். நீர் கல்லைத் தாண்டினால் தூணின் அடி மக்கும். பிறகு கறையான் ஏறும்.

சுரண்டி எடுத்த பிறகே சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதத்திலேயே அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார். புதுச் சட்டம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. அந்த அறிவுறுத்தல் பழைய வீதிகளில் எப்படி நடைமுறைக்கு வர வேண்டும் என்பதையே கீழே எழுதியிருக்கிறோம்.

மட்டம் எடுப்பது ஊருணியிலிருந்து தொடங்க வேண்டும். வரத்துக்கால் வாயின் அடிமட்டத்தை முதலில் குறித்துக்கொண்டு, வீதி வழியே 10 மீட்டருக்கு ஒரு புள்ளியாக மேலே வர வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும் சாலை நடு, இரு ஓரம், கானின் அடி ஆகியவற்றையும், வீடுதோறும் வாசற்படி, தூம்பு வாய் ஆகியவற்றையும் எடுக்க வேண்டும். கானின் அடி தூம்பு வாயைவிடக் குறைந்தது 15 செ.மீ. கீழே இருக்கட்டும். 200க்கு 1 என்ற சரிவு வைத்தால் 100 மீட்டருக்கு 50 செ.மீ. இறக்கம் வேண்டும். அது கிடைக்காத வீதியை மதிப்பீடு போடும்போதே கண்டுபிடித்துவிடலாம். சாலை போட்டபின் கண்டுபிடித்துப் பயனில்லை.

பழைய மட்டம் எது என்ற தகராறுக்கு எளிய வழி உண்டு. வீதிக்கு இரண்டு இடங்களில் 60 செ.மீ. சதுரக் குழி வெட்டிப் பார்த்தால் எத்தனை தார் அடுக்கு, அதன் கீழே எவ்வளவு ஜல்லி, ஆதி கிராவல் எங்கே என்று குழியின் பக்கச் சுவரே சொல்லிவிடும்.

சுரண்டும் வேலை மதிப்பீட்டில் தனி இனமாக, கழிவை ஏற்றிச் செல்லும் செலவோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் எந்த ஒப்பந்தக்காரரும் கைக்காசு போட்டுச் செய்யப் போவதில்லை. மில்லிங் இயந்திரத்தின் உருளை திண்ணை ஓரம் வரை வராது. கடைசி 45 செ.மீ. அகலத்தைக் கைக்கருவியால்தான் எடுக்க வேண்டும். அந்த 45 செ.மீ. பட்டையில் கான்கிரீட்டோ தாரோ போடாமல், வீதியை நோக்கிச் சரித்துக் கிராவலோ மணலில் பதித்த கல்லோ போட்டால் சுவரின் ஈரம் வெளியேறும். ரோலர் ஓட்டும்போது அதிர்வை நிறுத்திவிட்டே ஓட்ட வேண்டும். பழைய காரைச் சுவர் அந்த அதிர்வில் விரிசல் விடும். வேலையில் சுவரோ திண்ணையோ பெயர்ந்தால் 1:3 சுண்ணாம்பு மணல் காரையால் பூசி, ஒரு வாரமாவது ஈரச்சாக்குப் போர்த்த வேண்டும். சிமெண்ட் வேண்டாம்.

குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, கேபிள் எல்லாம் சாலைக்கு முன்பே முடிய வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வரத்துக்காலில் வீட்டுக் கழிவுநீர் கலக்கும் இடங்களில் மட்டும் கழிவுநீருக்குத் தனிக் குழாய் தேவை. கலந்தபடியே ஊருணியைத் தூர்வாரினால் செலவுதான் மிச்சம்.

ஒப்பந்தக்காரரின் இறுதிப் பட்டியலுக்கு (பில்) பணம் தருமுன் அதே புள்ளிகளில் மீண்டும் மட்டம் எடுத்து, இரண்டு அளவுகளையும் அளவுப் புத்தகத்தில் பக்கத்தில் பக்கத்தில் பதியச் சொல்லுங்கள். பிறகு வீதியின் மேட்டு முனையில் 10,000 லிட்டர் டேங்கர் தண்ணீரைத் திறந்துவிட்டால் எங்கே தேங்குகிறது என்பதை எல்லோரும் நின்று பார்க்கலாம். தேங்கும் இடம் சரியாகும்வரை பணத்தை நிறுத்தி வைக்கலாம்.

ஊர்களில் சில வீதிகள் உள்ளாட்சியின் பொறுப்பு. சில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. ஒரு வீதி தாழ்ந்து குறுக்கு வீதி உயர்ந்தே இருந்தால் சந்திப்பில் குளம் கட்டும். ஆகவே இரு துறைகளுக்கும் ஒரே மட்ட வரைபடம் என்று தங்கள் அலுவலகம் ஆணையிட்டால்தான் இது நடக்கும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்குள் ஊருணியில் முடியும் ஒரு வீதியையாவது மாதிரியாக எடுத்து மேற்சொன்ன முறையில் செய்துதருமாறும், அதுவரை மற்றப் பழைய வீதிகளில் மேலடுக்குப் போடும் வேலைக்கு ஒப்புதல் தராமல் நிறுத்தி வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம். குழி வெட்டும் நாளிலும் மட்டம் எடுக்கும் நாளிலும் உடனிருந்து, தூம்பு வாய்களை அடையாளம் காட்ட எங்கள் குழுவினர் வருவார்கள்.

இப்படிக்கு,
ஊர்நலக் குழுவினர்,
காரைக்குடி வட்டாரம்.