குழந்தையின் ‘ஆ’வுக்குப் பதில் சொல்வது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் மூளை வளர்ச்சி குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் முப்பதாண்டுகளுக்கு மேல் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், அதில் அரைகுறையாகச் சொல்லப்பட்ட ஒன்றையும் சொல்லாமலே விடப்பட்ட ஒன்றையும் பற்றி எழுதுகிறேன்.

3 வயதுக்குள் மூளை 80 விழுக்காடு வளர்ந்துவிடுகிறது என்று கட்டுரை சொல்கிறது. அது மூளையின் அளவைப் பற்றிய கணக்கே தவிர அறிவைப் பற்றியதன்று. பிறக்கும்போது பெரியவர்களுடையதில் கால் பங்காக இருக்கும் மூளை முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பது உண்மைதான். ஆனால் நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகளில் புழங்குபவை வலுப்பெறுவதும் புழங்காதவை கழிந்துபோவதும் அதன் பிறகும் பல ஆண்டுகள் நடக்கின்றன. பொறுமை காக்கவும் யோசித்து முடிவெடுக்கவும் உதவுகிற மூளையின் முன்பகுதி 20 வயதைத் தாண்டியும் பக்குவப்பட்டுக்கொண்டே இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டதால் என்ன ஆயிற்று என்றால், கட்டுரை வந்த மறுநாளே நாலு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் தெருப் பெண் ஒருத்தி வந்து, “இனிமே ஒண்ணும் செய்ய முடியாதா டீச்சர்?” என்று கண் கலங்கக் கேட்டாள்.

விடுபட்டதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வண்ண அட்டைகள், அறிவு வளர்க்கும் பொம்மைகள், பாதாம் பருப்பு என்று வாங்கித் தர வேண்டியவற்றைக் கட்டுரை அடுக்கியிருக்கிறது. குழந்தை ‘ஆ’ என்றால் வீட்டில் யார் பதில் சொல்கிறார்கள் என்ற கேள்வி அதில் எங்கும் இல்லை.

பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில் எடை பார்ப்பதற்காக ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில் பத்துப் பதினைந்து தூண்கள். இருப்பவர்கள் மூன்றே பேர். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு முன்னால் செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்துப் பருப்புச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தார் தாய். கை வரும்போது வாய் திறந்ததே ஒழிய, பிள்ளை ஒருமுறைகூடத் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. முற்றத்தில் காக்கை வந்து கத்தியது. பிள்ளை திரும்பவில்லை, பெரியவர்களும் காட்டவில்லை. “சமத்தாச் சாப்பிட்டுரும்” என்று அப்பத்தா பெருமையாகச் சொன்னார். அதே தெருவின் கடைசியில், பள்ளிக்கூட வாசலை மிதிக்காத இன்னொரு அப்பத்தா கீரை ஆய்ந்துகொண்டே பேரனிடம், “காக்கா என்னடா கேக்குது?” என்று கேட்டுவிட்டுக் கையை நிறுத்திக் காத்திருந்தார். அவன் ஏதோ குழறினான். “சோறு கேக்குதா? வைப்போமா?” என்றார். மறுபடியும் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பில்தான் எல்லாம் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். ‘நண்டூருது, நரியூருது’ என்று விரல்களை ஏற்றிக்கொண்டு போகும்போது, அக்குளுக்குக் கை வருமுன்னே பிள்ளை சிரிப்பதைக் கவனித்திருப்பீர்கள். அடுத்து வரப்போவதை மூளை முன்கூட்டியே கணிக்கிறது என்பதற்கு அதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

இது வெறும் கிழவிப் பேச்சன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீடுகளின் ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் அமர்ந்து 12 முறை விளையாடிப் பேசினார்கள். அந்தக் குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்களின் அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2 வயது வரை திரையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உறவினரோடு எப்போதாவது பேசும் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்குத் தந்திருப்பதும் இதனால்தான் என்று எண்ணுகிறேன். சிங்கப்பூரிலிருந்து பேசும் தாத்தா, பேரன் சிரித்தால் தாமும் சிரிப்பார், ஓடும் கார்ட்டூன் சிரிக்காது.

என்னை உறுத்துவது ஜமைக்கா நாட்டு ஆய்வு. 1986-87-இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடும்பங்களில் உடல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, சிலருக்குச் சத்துணவும், சிலருக்கு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் வீடு தேடிப் போய்த் தாயோடும் பிள்ளையோடும் கையால் செய்த பொம்மைகளை வைத்து விளையாடிக் காட்டுவதும், சிலருக்கு இரண்டும் என இரண்டாண்டுகள் தந்தார்கள். இருபதாண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, விளையாட்டுப் பெற்றவர்கள் பெறாதவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள்; சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய நீடித்த பலன் தெரியவில்லை. நான் சத்துமாவுப் பொட்டலங்களை எண்ணிக் கொடுத்தேன், எடையைப் பதிவேட்டில் எழுதினேன். வீட்டில் அந்தப் பிள்ளையோடு யார் பேசுகிறார்கள் என்று வெகுகாலம் கேட்டதே இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டுத் தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடக் கூடாது. செல்போனைச் சாய்த்து வைத்த அந்தப் பெண் காலையில் கோலம் போட்டதிலிருந்து உட்காராதவள். குடித்துவிட்டு வந்து கூச்சல் போடும் ஆள் உள்ள வீட்டில், நாள்தோறும் அஞ்சி அஞ்சிக் கிடக்கும் குழந்தையின் உடம்பில் கார்டிசால் என்னும் சுரப்பு ஓயாமல் ஏறி, நினைவாற்றலுக்கு அடிப்படையான மூளைப் பகுதியையே பாதிக்கக்கூடும். அங்கே தாய்க்கு மட்டும் அறிவுரை சொல்லிப் பயனில்லை. பதில் சொல்ல அவளுக்கு நேரமும் நிம்மதியும் கொடுப்பது வீட்டில் உள்ள மற்றவர்களின் வேலை.

தங்கள் கட்டுரையோடு வந்த படத்தில் ஒரு தாயும் குழந்தையும் மட்டுமே இருந்தார்கள். அடுத்த முறை, பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கடைத்தெருவில் ஒவ்வொன்றாகக் காட்டிப் பேசிக்கொண்டு போகும் ஒரு தகப்பனின் படத்தைப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.