மே முதல் ஆகஸ்ட் வரை தீடைகளில் இறங்க வேண்டாம்

பெறுநர்: தமிழ்நாடு வனத்துறை, இந்தியக் கடலோரக் காவல்படை, மரைன் போலீஸ், இராமேசுவரம் – தனுஷ்கோடி நாட்டுப்படகு மீனவர் சங்கங்கள்

வணக்கம்.

தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனைக்கு அப்பால், இலங்கையின் தலைமன்னாரை நோக்கி, கடலில் தலைகாட்டும் மணல் திட்டுகளாகிய தீடைகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றில் கோடையில் ஆலாக்கள் என்னும் கடற்பறவைகள் முட்டையிடுகின்றன. தன் பக்கத்துத் தீடைகளை இலங்கை 2015-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. நம் பக்கத்தில் 1986-இல் அமைந்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் இருப்பவை. இந்தத் தீடைகள் அந்தப் பட்டியலில் இல்லை. 2025-இல் தனுஷ்கோடியில் பூநாரைக்கென்று சரணாலயம் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் பூநாரை பனிக்காலத்து விருந்தாளி, பறவைக் கணக்கெடுப்பும் பெரும்பாலும் பனிக்காலத்தில்தான் நடக்கிறது. ஆலா முட்டையிடுவதோ கத்திரி வெயிலில். அப்போது அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். மே 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, முட்டையோ குஞ்சோ உள்ள தீடையில் யாரும் இறங்கக் கூடாது. யாரும் என்றால் வனத்துறையும் பறவை பார்க்க வருபவர்களும் சேர்த்துத்தான்.

சிறு ஆலாவுக்குக் கூடு என்று தனியாக எதுவும் கிடையாது. வயிற்றை மணலில் அழுத்தி, கால்களால் பின்னுக்குத் தள்ளி, உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி பறிக்கும். ஓரத்தில் நாலைந்து சிப்பித் துண்டு கிடந்தால் உண்டு. அதில் இரண்டு அல்லது மூன்று முட்டை; ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீளம், மணல் நிறம், பழுப்புப் புள்ளிகள். நின்று பார்க்கிறவர் கண்ணுக்கே தப்பிவிடும், நடந்து போகிறவர் எங்கே பார்க்கப் போகிறார்?

மிதிபட்டு நொறுங்குவது மட்டுமல்ல, வெயிலில் வெந்தும் போகும். உச்சி வேளையில் தாய்ப்பறவை முட்டையின்மேல் நிற்பது நிழல் தருவதற்காக. இடையிடையே கடலுக்குப் போய் வயிற்று இறகை நனைத்துவந்து முட்டையைக் குளிரவைக்கும். ஆள் இறங்கியதும் பறவை எழும்பித் தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றும். விடிகாலையில் பத்து நிமிடம் கூடு காலியாக இருந்தால் முட்டை தாங்கும். பகல் பன்னிரண்டு மணிக்குத் தாங்காது. முட்டை உடையாமல் அப்படியே கிடக்கும், உள்ளே கரு செத்திருக்கும். “நாங்கள் எதையும் தொடவில்லையே” என்று இறங்கியவர் சொல்வது பொய்யில்லை.

பெரிய கொண்டை ஆலா வேறு மாதிரி. பெரும்பாலும் ஒற்றை முட்டைதான். ஒன்றை ஒன்று கொத்தும் தூரத்தில் நெருக்கமாக அடைகாக்கும். அடைகாக்கத் தொடங்கிய முதல் சில நாட்களில் விரட்டினால் கூட்டமே இடத்தைக் கைவிட்டுப் போய்விடக்கூடும். பொரித்துச் சில நாட்களில் குஞ்சுகள் ஆட்டுக்குட்டிகள் போல ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். படம் எடுக்க நெருங்கினால் மொத்தமும் அலைக்குள் ஓடும்.

நான்கு மாதம் எதற்கு என்று கேட்பீர்கள். சிறு ஆலாவுக்கு அடைகாக்க மூன்று வாரம், குஞ்சு பறக்க இன்னும் மூன்று வாரம். கொண்டை ஆலாவுக்கு நான்கு வாரமும் ஐந்தாறு வாரமும். எல்லாம் ஒரே நாளில் முட்டையிடுவதில்லை. பெரிய அலை ஏறி முதல் முட்டை போனால் மறுபடியும் இடும். விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இருப்பது பாதி உதவி. தடை முடிந்து கடலில் நடமாட்டம் கூடும்போது மணலில் குஞ்சுகள் ஓடிக்கொண்டிருக்கும்.

நாட்டுப்படகுக்காரர்களுக்கு இந்த மீன்பிடித் தடைக்காலம் பொருந்தாது. அவர்கள் ஆண்டு முழுக்கக் கடலில். இளைப்பாறவும் வலை சரிபார்க்கவும் ஓர் இடம் வேண்டும். எல்லாத் தீடையையும் ஒட்டுமொத்தமாக மூடினால் உத்தரவு காகிதத்தோடு நின்றுவிடும். எனவே மே 1-இல் எல்லாவற்றையும் மூடுங்கள். மே நடுவில் படகிலிருந்தே தொலைநோக்கியால் பார்த்து, முட்டை இல்லாத தீடைகளைத் திறந்துவிடுங்கள். மணல் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறுவதால் “இரண்டாம் தீடை, மூன்றாம் தீடை” என்று அரசாணையில் எண் போட்டு நிரந்தரமாக எழுத வேண்டாம். காவலுக்கு அந்தந்த ஊர் மீனவர்களையே தினக்கூலிக்கு அமர்த்துங்கள். தீடையை அவர்களைவிடத் தெரிந்தவர் இல்லை.

படகு குறைந்தது 200 மீட்டர் தள்ளி நிற்கட்டும். மீன் கழிவை அங்கே கொட்ட வேண்டாம்; கழிவைத் தேடி வரும் காக்கை முட்டையையும் கண்டுபிடித்துவிடும். நாயை ஏற்றிப் போக வேண்டாம். வலைமூட்டைக்குள் எலி இருக்கிறதா என்று கரையிலேயே உதறிப் பாருங்கள். கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராஃப்ட் ரோந்து, மணல்மேல் ஏறாமல் நீரோடு சுற்றி வரட்டும். இலங்கையிலிருந்து வரும் அகதிகள் தீடையில் தவித்து நிற்கும்போதும் படகு பழுதாகும்போதும் இறங்குவது வேறு. உயிர் காக்கும் வேலைக்குத் தடை கேட்கவில்லை.

நல்லெண்ணத்தில் செய்யும் சில காரியங்களையும் நிறுத்த வேண்டும். தீடையில் சவுக்கு, பனை எதையும் நடாதீர்கள். இந்த ஆலாக்களுக்கு வேண்டியது வெறும் மணல். மரம் காக்கைக்குத்தான் இருக்கை. எச்சரிக்கைப் பலகைக் கம்பமும் அப்படியே, அதை அரிச்சல்முனையிலும் பாம்பன் படகுத்துறையிலும் நடுங்கள். பிளாஸ்டிக் பொறுக்கும் தூய்மைப் பணியை ஏப்ரலுக்குள் அல்லது அக்டோபரில் வைத்துக்கொள்ளுங்கள். அறுந்த வலைத்துண்டு ஒன்றையும் விடாதீர்கள், குஞ்சின் கால் சிக்கிவிடும். ஒதுங்கிய மரக்கட்டையை மட்டும் விட்டுவிடுங்கள், குஞ்சுக்கு அதுதான் நிழல்.

கணக்கெடுத்தே ஆக வேண்டுமென்றால் பருவத்துக்கு ஒரு முறை, இருவர் மட்டும், காலை ஏழரைக்குள், இருபது நிமிடத்தில் திரும்புங்கள். கூட்டருகே குச்சி நட வேண்டாம். குச்சிக்கு அருகில் முட்டை இருக்கும் என்பதைக் காக்கை சீக்கிரமே கற்றுக்கொள்ளும். டிரோனைத் தாழப் பறக்கவிட்டால் பருந்து வந்ததாக எண்ணிக் கூட்டமே எழும்பிவிடும்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதன் விளக்கத்துக்குள்ளேயே காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்குள் மீனவர் சங்கங்களை அழைத்துப் பேசி, எந்தப் படகு எப்போது ரோந்து, கூலி எவ்வளவு என்பதை எழுத்தில் முடிவு செய்யுங்கள். மே பிறந்த பிறகு கூட்டம் போட்டால் அதற்குள் முதல் முட்டை விழுந்திருக்கும்.

இப்படிக்கு,
கடற்பறவைக் கணக்கெடுப்பில் ஈடுபட்டுள்ளோர்,
இராமநாதபுரம் மாவட்டம்