கச்சானும் கொண்டலும் மறக்கலாமா?

ஆசிரியருக்கு,

காற்று மேற்கிலிருந்து அடித்தால் கச்சான், கிழக்கிலிருந்து அடித்தால் கொண்டல், வடக்கிலிருந்து வந்தால் வாடை. நீரோட்டத்துக்கு நீவாடு. கடலடியில் மீன் கூடும் பாறைத் திட்டுக்குப் பார். நம் கடற்கரைப் பேச்சில் ஒவ்வொரு சொல்லும் பிழைப்பறிவு.

கோயில் கோபுரத்தையும் மலையுச்சியையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தே நடுக்கடலில் பாரைக் கண்டுபிடித்தவர்கள் நம் மீனவர்கள். இப்போது அதை ஜி.பி.எஸ். கருவி செய்கிறது. சரி, உயிருக்குப் பாதுகாப்பு, வேண்டியதுதான். ஆனால் கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்தபோதே பல சொற்கள் வழக்கொழிந்துவிட்டன. 'கட்டுமரம்' என்ற சொல்லை ஆங்கிலமே நம்மிடமிருந்துதான் எடுத்துக்கொண்டது!

குமரி முதல் இராமநாதபுரம் வரை, பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் குரலிலேயே இந்தக் கடற்கரைச் சொற்களைப் பதிவு செய்ய வேண்டும். அந்த ஊர்ப் பிள்ளைகளே செல்போனோடு தாத்தாக்களிடம் உட்காரட்டும்.

- வாசகர், தூத்துக்குடி