செயின் போட்ட வண்டியும் நம்ம ஊர் களிமண்ணும்

மாப்ள,

பொங்கலுக்கு நீ போன் பண்ணப்ப எடுக்கல, திருப்பியும் கூப்பிடல, திட்டணும்னா லீவுல வந்து நேர்ல திட்டு. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கு. நெட்டையனுக்கு ரெண்டாவதும் பொண்ணு. பெரியத்தான் இன்னும் அந்த பம்புசெட் கதைய விடல. இதுக்கெல்லாம் போன் போதும், நான் எழுத உக்காந்தது வேற விஷயத்துக்கு. நீ லடாக் பக்கம் லேல, பனி ரோட்டுல டயருக்கு செயின் மாட்டி லாரி ஓட்டின கதைய போன தடவ திண்ணைல உக்காந்து சொன்னல்ல, அத கேட்டுட்டு நாங்க இங்க ஒரு காரியம் பண்ணோம். அக்கா பையன் வண்டியோட வெண்ணாத்துக்குள்ள போயிருப்பான்டா.

போகல. நல்லாருக்கான். பத்து நாளாச்சு, எனக்குத்தான் இன்னும் சரியா தூக்கம் வரல.

தை கடைசில பெஞ்ச மழை உனக்கே தெரியும். டயருக்கு பதிலா பெல்ட் போட்ட அறுப்பு மிஷின்ங்கறதால வயல்ல எறங்கி சம்பாவ அறுத்துக் கொட்டிட்டு போயிடுச்சு, ஆனா கொட்டின நெல்ல யாரு ரோட்டுக்கு கொண்டாரது? ஈரம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா கொள்முதல் நிலையத்துல தள்ளிடுவாங்க, மேட்டுக்கு கொண்டுபோய் காய வச்சாத்தான் உண்டு. பிக்கப் எம்ப்டியா உள்ள போறப்பவே பின்சக்கரம் சும்மா சுத்துது. கனம் பூரா முன்னாடி இஞ்சின்ல இருக்கு, தள்றது பின்சக்கரம், பின்னாடி ஒண்ணுமே இல்ல. ஒரு சக்கரம் வழுக்கி சுத்த ஆரம்பிச்சா இன்னொண்ணு நல்ல தரைல இருந்தாலும் கம்முன்னு நிக்குது. டிராக்டர்காரன் இழுத்துவிட ஒரு தடவைக்கு ஐநூறு கேக்குறான்.

அப்பதான் உன் கதை ஞாபகம் வந்து, வெல்டிங் பட்டறைல சொல்லி ஒரு ஜோடி செயின் பண்ணோம். ரெண்டு பக்கமும் நீளச் சங்கிலி, நடுவுல ஏணிப்படி மாதிரி குறுக்குத் துண்டு. மொத நாள் பார்த்திருக்கணும் மாப்ள! 35 மூட்டை, 40 கிலோ மூட்டை, கணக்கு போட்டா 1400 கிலோ, அவ்வளவையும் ஏத்திக்கிட்டு வண்டி சேத்த கடிச்சு கடிச்சு ஏறி வந்துச்சு, வரப்புல நின்ன பொம்பளைங்கல்லாம் கை தட்டுனாங்க. நானும் தட்டினேன். அந்த சந்தோஷத்துலதான் புத்தி போச்சு.

ரெண்டாவது நாள் கரை ரோடு ஏறினதும் செயின கழட்டணும்ல, கழட்டல. அடுத்த நடைக்கு திரும்ப மாட்ட அரை மணி நேரம் ஆகுமேன்னு அக்கா பையன் அப்படியே தார் ரோட்டுல விட்டான், லோடோட, வேகமாவும் போயிருக்கான். மொதல்ல கடகடன்னு சத்தம், அப்புறம் மட்கார்டுல தடார் தடார்னு அடி. குறுக்குத் துண்டு ஒண்ணு அறுந்து சாட்டை மாதிரி சுத்தி உள்பக்கம் ஆக்ஸில் மேல போற பிரேக் பைப்ப கிழிச்சிடுச்சு. மதகு திருப்பத்துல பெடல மிதிச்சா நேரா கீழ போகுது. கியரக் கொறச்சு ஹேண்ட்பிரேக்க புடிச்சு நிறுத்திருக்கான், முன்சக்கரம் கரையோட விளிம்புல. நான் ஓடிப்போறப்ப எறங்காம ஸ்டியரிங்க புடிச்சபடியே உக்காந்திருந்தான், வெரலெல்லாம் நடுங்குது.

மறுநாள் ஜாக்கி போட்டு சக்கரத்த கழட்டிப் பார்த்தேன். கொக்கியோட முனையெல்லாம் டயரப் பார்த்து திரும்பியிருக்கு, டயர் பக்கவாட்டுல பிறை பிறையா வெட்டு. செயினுக்கும் டயருக்கும் நடுவுல என் கை முழுசா போகுது. நீ அன்னிக்கு சொன்ன, மாட்டி கொஞ்ச தூரம் ஓட்டிட்டு நிறுத்தி திரும்ப இறுக்குவோம், பனி இல்லாத ரோடு வந்தா ஒடனே கழட்டுவோம், எப்பவுமே மெதுவாத்தான் போவோம்னு. அதெல்லாம் காதுல விழுந்துச்சு, மனசுல நின்னது செயின் மட்டும்தான். டயர் ஓரத்துல எழுதியிருக்கற சைஸுக்கு ஏத்த செயினா, சுத்தும்போது உள்ள எது மேலயாவது இடிக்குதான்னு யாருமே பார்க்கல. நானும் பார்க்கல, அதான் உறுத்துது.

இன்னொண்ணும் புரிஞ்சிக்கிட்டேன். பனி அழுத்தினா இறுகும், அதுல செயின் கடிச்சா புடிப்பு உண்டு. நம்ம பழைய டெல்டா களிமண்ணு அப்படி இல்ல, ரெண்டு சுத்துல சங்கிலிக் கண்ணெல்லாம் களி அடைச்சுக்குது, அதுக்கு மேல ஆக்ஸிலேட்டர மிதிச்சா செயினே குழி தோண்டி வண்டிய ஆக்ஸில் வரைக்கும் எறக்கிடும். ஒரத்தநாட்டுப் பக்கம் 1934ல வந்த புதாத்துப் பாசனம், அதான் கல்லணைக் கால்வாய், அங்க செம்மண்ணு, மழை விட்ட கொஞ்ச நேரத்துல வண்டி போகுது, அந்தப் பக்கத்துக்காரன் சொல்ற யோசனை நமக்கு ஆகாது. இப்ப நாங்க எம்ப்டியா உள்ள போறப்ப பின் ஆக்ஸிலுக்கு நேரா நாலு மணல் மூட்டை போடுறோம், டயர்ல காத்த கொஞ்சம் எறக்கறோம், லோடு ஏத்தறதுக்கு முன்னாடி பம்பு வச்சு திரும்ப அடிச்சிடறோம். சக்கரம் சுத்த ஆரம்பிச்சா ஒடனே கால எடுத்துட்டு, முன்னாடி களிய வெட்டி தென்னமட்டைய குறுக்க அடுக்கி மேல வைக்கோல் போட்டு ரெண்டாவது கியர்ல மெதுவா. முக்காவாசி நேரம் ஏறிடுது.

என் கவலை அது இல்ல. மொத நாள் கைதட்டல பார்த்துட்டு பட்டறைக்காரருக்கு மேற்கொண்டு நாலு ஜோடி ஆர்டர் வந்திருக்கு மாப்ள. நாலும் நம்ம தெருப் பசங்க வண்டி. நான் போய் சொன்னா, உன் மருமகனுக்கு ஓட்டத் தெரியலங்கறானுங்க. பட்டறைக்காரர் நல்ல மனுசன், எப்படி பண்ணணும்னு சொன்னா கேப்பாரு, எனக்குத்தான் சொல்லத் தெரியல. நீ சொன்னா எல்லாருமே கேப்பானுங்க, மிலிட்டரிக்காரன் பேச்சுக்கு இங்க இருக்கற மரியாதை உனக்கே தெரியும்.

அதனால ஒரு உதவி. கொக்கி முனை எந்தப் பக்கம் பார்க்கணும், எவ்வளவு இறுக்கணும், உள்பக்கம் எவ்வளவு இடம் விடணும், இது மூணையும் ஒரு தாள்ல பெருசா வரைஞ்சு போட்டோ எடுத்து அனுப்பு. கீழ தார் ரோட்டுல கழட்டணும்னு உன் கையெழுத்துலயே எழுது. பிரிண்ட் எடுத்து பட்டறைச் செவுத்துல நானே ஒட்டிடறேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள அனுப்புடா, திங்கக்கெழமை மொத ஜோடிய மாட்டப் போறானுங்க.

உன்
மாப்ள