டொக்டரிடம் காட்டு மகன்

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய காசு கிடைத்தது. தங்கச்சியின் ரியூசனுக்குக் கட்டிவிட்டு, மிச்சத்தில் விறாந்தைக்கு ஓடு மாற்றினோம். பெரியம்மா வந்து பார்த்துவிட்டு உன்னைத்தான் புகழ்ந்தாள். எனக்கும் பெருமைதான். இங்கே மழை விட்டபாடில்லை. டச் பே பக்கம் கடல் கலங்கிக் கிடக்கிறது, அப்பா இன்னும் தொழிலுக்கு வெளிக்கிடவில்லை. காணி விஷயம் அப்படியே இருக்கிறது.

நேற்றிரவு தங்கச்சி ஒரு படம் போட்டாள். உன்னுடைய மல்யுத்த வீரர் ஜோன் சீனா நடித்த '12 ரவுண்ட்ஸ்'. 2009இல் வந்ததாம். அவர் படம் போட்ட ரீசேர்ட் வேண்டுமென்று பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாக் கடைகள் முழுக்க என்னை இழுத்துக்கொண்டு திரிந்தவன் நீ. அதனால்தான் இருந்து பார்த்தேன். நியூ ஓர்லியன்ஸ் நகரத்துப் பொலிஸ்காரராக வருகிறார். சிறையிலிருந்து தப்பிய ஒருவன் அவருடைய காதலியைப் பிடித்து வைத்துக்கொண்டு, பன்னிரண்டு சோதனை வைத்து ஊர் முழுக்க ஓடவிடுகிறான். தீயணைப்பு வண்டியைத் தெருத்தெருவாக ஓட்டுகிறார், பிரேக் இல்லாத டிராமை நிறுத்தப் பார்க்கிறார், கடைசியில் ஹெலிகொப்டரிலிருந்து குதிக்கிறார். நல்ல விறுவிறுப்பு. ஆனால் அவர் ஒவ்வொரு தரம் தொங்கும்போதும் நான் அந்த வலது தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் தங்கச்சி முன்னமே சொல்லியிருந்தாள். 2007 ஒக்டோபரில் மேடையிலே ஒருவரைத் தூக்கி எறியும்போது வலது பக்க நெஞ்சுத் தசைநார் எலும்பை விட்டே கழன்றுவிட்டதாம். அந்த வலியோடு மிச்ச ஆட்டத்தையும் முடித்தாராம். அதைச் சொல்லும்போது அவளுக்குப் பெருமை, எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆட்டம் முடிந்ததும் மறைத்துக்கொண்டு இருக்கவில்லை அவர். ஒரு வருஷத்துக்கு மேலே வைத்திருந்த சாம்பியன் பட்டம் கையைவிட்டுப் போனது. போகட்டும் என்று ஒப்பரேஷன் செய்துகொண்டார். 7 மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும் என்றார்கள். அவர் 2008 ஜனவரியிலேயே ரோயல் ரம்பிள் என்ற மல்யுத்தப் போட்டியில் கடைசி ஆளாக, 30ஆவதாக மேடையேறி வென்றார். அதற்குப் பிறகுதான் இந்தப் படத்தையே எடுத்தார்கள். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கையை விட்டிருந்தால் இந்தப் படம் ஏது?

அதற்காக நீயும் கெதியாக வேலைக்குத் திரும்பவேண்டும் என்று சொல்லவில்லை. அவருக்குப் பக்கத்திலே டொக்டர்மார் நின்றார்கள். உனக்கு அந்த அறையில் யார் இருக்கிறார்கள்?

சரி, கேட்டேவிடுகிறேன். ஏன் மகன், கொஞ்ச நாளாக போனை இடது கையாலேயே பிடிக்கிறாய்? சோற்றுக் கோப்பையைக் காட்டும்போதும் இடது கைதான். வலது கை கமராவுக்குள் வரவேயில்லை. சித்தியிடம் மட்டும் "ஸ்டோரில் பாரம் தூக்கும்போது கொஞ்சம் பிடித்துவிட்டது" என்று சொன்னாயாம். பெற்றவளிடம் சொல்லாததைச் சித்தியிடம் சொல்கிறாய். சின்ன வயதிலும் நீ அப்படித்தான், கன்னியாவில் சறுக்கி விழுந்துவிட்டு வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை, கால் வீங்கியபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

டொக்டரிடம் காட்டு. ஹெல்த் கார்ட் இருக்கிறது என்று நீதான் சொன்னாய். சூப்பவைசர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், லீவு கேள். வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறாய், எனக்குத் தெரியும். கடன் இன்னும் முடியவில்லை என்பதும் தெரியும். அனுப்பினால் வா. அப்பாவின் வள்ளம் இருக்கிறது, என்னிடம் அந்தச் சங்கிலி இருக்கிறது, எப்படியாவது கட்டிக்கொள்வோம். பழுதான கையோடு உழைத்து அனுப்புகிற காசில் எனக்கு ஓடும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

எண்ணெய் தடவிக்கொண்டு இருந்துவிடாதே. டொக்டரிடம் காட்டு. எக்ஸ்ரே எடுத்தால் தங்கச்சியின் போனுக்கு அனுப்பு, இங்கே ஆஸ்பத்திரியிலும் காட்டிக் கேட்கிறேன். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, டொக்டரைப் பார்த்துவிட்டுக் கூப்பிடு. அதற்குள் சொல்லாவிட்டால் நானே அப்பாவிடம் சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
அம்மா