இளவேனில் பனிச்சறுக்குக்கு முதல் நாள் மாலையே திட்டமிடுவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஈஸ்டர் விடுமுறை நெருங்கும்போது சுவிற்சர்லாந்தில் வாழும் நம்மவர் குடும்பங்கள் பல, பிள்ளைகளுடன் ஒரு நாளாவது பனிச்சறுக்குக்குப் போய்வர எண்ணுகின்றன. பாடசாலை முகாம்களில் பழகிய பிள்ளைகள் ஆசையோடு கேட்கிறார்கள். அடிவாரத்தில் நின்று படம் எடுப்பதோடு நிறுத்திக்கொண்ட பெற்றோரும் இப்போது துணிந்து சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டுகிறோம். இது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தரும் மாற்றம். ஆனால் சனவரி மாதத்துப் பழக்கத்தை அப்படியே ஏப்ரலுக்கும் கொண்டுபோகிறோமே என்ற கவலையால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஏப்ரலில் நாங்கள் ஆறுதலாகப் புறப்பட்டு, பதினொரு மணிக்குப் பிறகே மலையேறினோம். கட்டிக்கொண்டுபோன பாணையும் சம்பலையும் வெயிலில் இருந்து சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிக்கு மீண்டும் சறுக்கத் தொடங்கினோம். காலையில் வழுக்கிக்கொண்டு ஓடிய பனி அதற்குள் நனைந்த சீனியைப் போலக் கனத்துவிட்டது. என் பன்னிரண்டு வயது மகளின் ஒரு பலகை அதில் புதைந்து நிற்க, உடல் மட்டும் திரும்பியது. முழங்கால் சவ்வு கிழிந்தது. மீட்புப் பணியாளர்கள் அவளைச் சறுக்குவண்டியில் கட்டி இறக்கியபோது, பக்கத்தில் நடந்துகொண்டே அவளுடைய கையுறையைப் பிடித்திருந்தேன். இது முழுக்க எங்கள் திட்டமிடலின் பிழை.

இளவேனிற் பனியின் தரத்தை முதல் நாள் இரவுதான் தீர்மானிக்கிறது. வானம் தெளிவாக இருந்தால், பகலில் உருகிய மேற்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்குக் கொடுத்துவிட்டு விடியுமுன் கல்லாக உறைந்துவிடும். காலையில் அது பனிக்கட்டிபோல இருக்கும். வெயில் ஏற ஏற மேலே சில சென்ரிமீற்றர் மட்டும் இளகி, சறுக்குவதற்கு ஆண்டிலேயே மிக இனிமையான பனியாக மாறும். இந்த இளக்கம் கிழக்குச் சரிவில் தொடங்கித் தெற்குக்கும் பிறகு மேற்குக்கும் நகர்வதால், வெயிலைப் பின்தொடர்ந்து சரிவுகளை மாற்றத் தெரிந்தவர்களுக்கு இரண்டு மூன்று மணிநேரம் நல்ல பனி கிடைக்கும். மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரம் முன்னே தள்ளப்பட்டபின் இவையெல்லாம் ஒரு மணிநேரம் பிந்தி நடப்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். இரவு முகில் மூடியிருந்தால் பனி சரியாக உறையாது. அப்படிப்பட்ட நாளில் காலையிலேயே சேறுபோல் இருக்கும், பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

பனியையும் பனிச்சரிவையும் (மலைச்சரிவிலிருந்து பனி திரண்டு சரிந்து விழுவதை) ஆராயும், தாவோசிலுள்ள எஸ்.எல்.எஃப். நிறுவனம் ஒவ்வொரு மாலையும் 5 மணிக்கு வெளியிடும் பனிச்சரிவு அறிக்கையில், இரவில் பனி எவ்வளவு உறையும் என்பதும் சொல்லப்படுவதுண்டு. அந்த அறிக்கையிலுள்ள 5 ஆபத்து நிலைகள் குறியிடப்பட்ட பாதைகளுக்கு வெளியே உள்ள சரிவுகளுக்கு உரியவை. இளவேனிலில் காலையில் தாழ்ந்த நிலையில் இருக்கும் ஆபத்து, உருகிய நீர் பனியடுக்குகளுக்குள் இறங்க இறங்கப் பிற்பகலில் ஏறிவிடும். பாதையைக் குறிக்கும் கம்பங்களுக்கு அப்பால் தடம் படாத பனியைக் கண்டு ஆசைப்படும் பதின்ம வயதினருக்கு இதைப் பெற்றோர் விளக்கிச் சொல்லவேண்டும். பிற்பகலில் ஒரு பாதையை மூடியிருந்தால் அதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். அப்படி மூடியிருந்தும் சிலர் தடைக்கயிற்றின் கீழால் நுழைந்து போவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நமது தோலுக்கு வெயில் என்ன செய்யும் என்ற நினைப்பு நம்மிடையே இருக்கிறது. புதுப்பனி புறவூதாக் கதிரில் ஏறத்தாழ 80 வீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. தோலின் நிறம் எதுவானாலும் கண்ணுக்கு அதிலிருந்து விலக்கு இல்லை. நல்ல கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பிள்ளைகளை மேலே கூட்டிப்போகாதீர்கள்.

எஸ்.எல்.எஃப். அறிக்கை ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் வெளிவருகிறது. பிள்ளைகளுக்கு அது புரியும். ஆனால் பயணத்தை முடிவுசெய்யும் பெற்றோரிலும் பேரன் பேத்தியோடு போகும் மூத்தவர்களிலும் பலருக்கு அந்தக் கலைச்சொற்கள் எட்டுவதில்லை. ஆகவே மார்ச் முதல் மே வரை, அந்த அறிக்கையை எப்படி வாசிப்பது, எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்குவது, விபத்து நேர்ந்தால் றேகா மீட்புச் சேவையை 1414 என்ற எண்ணில் எப்படி அழைப்பது என்பவற்றை விளக்கும் சிறு பகுதியொன்றைத் தங்கள் பத்திரிகையில் தமிழில் வெளியிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

மகளுக்குக் கால் குணமாகிவிட்டது. இவ்வாண்டு இரவு வானம் தெளிந்திருந்தால், லுட்சேர்னிலிருந்து அதிகாலைத் தொடருந்தில் ஏங்கல்பேர்க் போய், ஒரு மணிக்குள் பலகைகளைக் கழற்றிவிட்டு, கேபிள் காரிலேயே கீழிறங்குவதாக இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
லுட்சேர்ன்